யார் தோட்டத்துப் பூச்சி?

சுருளி அருவியில் தலை நனைய நின்று சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. நான் போனபோது கர்ணன் மல்லாந்து கிடந்தான். அவன் மச்சான் சுருளியாண்டி, கர்ணன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கழுத்தில் கவாத்துக் கத்தரியை வைத்திருந்தான்.

எனக்கு இருவரும் ஒன்றுதான். இருவரின் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவில் என் கொய்யாத் தோப்பு இருப்பதால், இரண்டு பக்கத்து வசவும் எனக்குச் சமமாகவே கேட்கும்.

“ஏலே மாப்ள, எட்டு நாள்ல நான் பழம் வெட்டணும். ஒந்தோட்டத்துப் பூச்சிய நீயே கூட்டிட்டுப் போயிரு,” என்று உறுமினான் சுருளியாண்டி.

அவன் திராட்சைப் பந்தலில் ஓர் இலைமேல் அது ஊர்ந்தது. சுண்டுவிரல் நகத்தளவு குட்டி, உடம்பெல்லாம் வெள்ளைச் சடை.

“பெரியப்பா, இத எங்கயாச்சும் பாத்துருக்கீகளா?” என்றான் சுருளியாண்டி. “நேத்து வரைக்கும் இந்தக் கொடியில மாவுப்பூச்சி அப்பிக் கெடந்துச்சு. அதையே காலி பண்ணிட்டு இது உக்காந்துருக்குன்னா, எம்புட்டுக் கொடூரமானதா இருக்கும்?”

“எனக்கென்னப்பா தெரியும்,” என்றேன்.

“எந்தோட்டத்துல இப்பிடி ஒண்ணு இல்ல மச்சான்,” என்ற கர்ணன், பேச்சோடு பேச்சாகத் தலையைத் தூக்கி அவன் காதைக் கடித்தான். பாதிக் காது வாயோடு வந்தது. கத்தரியைப் போட்டுவிட்டுச் சுருளியாண்டி மம்பட்டியை எடுத்தான். அடித்த அடியில், கர்ணன் தாடையில் பட்டு அதன் மரப்பிடிக் கணை இரண்டாக ஒடிந்தது. முன்பல் ஒன்று பறந்துபோய் என் கொய்யாக்காயில் பதிந்து நின்றது. அந்தக் காயை அப்புறம் அணில்கூடத் தொடவில்லை.

தோட்டக்கலை அலுவலர் ஜெஸ்லினுக்கு நான்தான் போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்தவர், ரத்தத்தைத் தாண்டிப் போய் இலையை உற்றுப் பார்த்தார்.

“இது பொறிவண்டோட குட்டி. திராட்சையோ கொய்யாவோ, மாவுப்பூச்சியத் தின்னு பழத்தக் காப்பாத்தும். இத வளத்து விக்கிறாக. யாரோ வாங்கி விட்டுருக்காக. ஒங்கள்ல யாரு அந்தப் புத்திசாலி?”

காது போனவன் எழுந்தான். “எந்தோட்டத்துப் பூச்சி மேடம்.”

பல் போனவன் அவன் காலை வாரினான். “எந்தோட்டத்துலருந்துதான் வந்துச்சுன்னு இவனே இப்பத்தான் சொன்னான்.”

ஒடிந்த கணை இப்போது ஆளுக்கொரு துண்டாகப் பயன்பட்டது. மேடம் ஸ்கூட்டர்வரை ஓடிவிட்டார். நான் நகரவில்லை, வாயையும் திறக்கவில்லை.

அந்தப் பூச்சிகள் வந்த அட்டைப்பெட்டி, மேலே என் பெயர் எழுதியபடி, என் கொய்யா மரத்தடியில்தான் கிடக்கிறது.