லவோன் வீட்டுக் கரண்ட்

"பாம்பு முட்டைக்கெல்லாம் என் வீட்டுக் கரண்ட் கிடையாது. நடையைக் கட்டு!"

லவோன் சொன்னது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள்.

மழை பனியாக உறைந்து, மின்கம்பிகளை நூல் நூலாக அறுத்துப் போட்டிருந்தது. ரெட்பட் தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரே வீடு லவோனுடையது. குடியிருப்போர் சங்கத் தலைவி வேறு. கேட்க வேண்டுமா? காலையிலிருந்து அவள் வீட்டு முன்கூடத்தில் ஆளாளுக்குச் செல்போனைச் செருகிவிட்டு, அவள் காபியைக் குடித்துக்கொண்டு, அவளையே புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்ற ட்ரூடிக்கு மட்டும் காபி இல்லை.

"ஒரே ஒரு ஒயர், லவோன். வேலி வழியா இழுத்துக்கறேன். இன்குபேட்டருக்கு உன் ஹேர் டிரையர் அளவுகூட ஆகாது. வீடு ஐஸா கிடக்கு. இன்னைக்கோ நாளைக்கோ பொரியப்போற முட்டை. இப்பச் சூடு போச்சுன்னா அத்தனை குட்டியும் உள்ளேயே செத்துடும்."

"போனா போகட்டுமே," என்றாள் எதிர்வீட்டு அர்லீன், காபிக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல். "பெத்தவ சும்மாதானே சுருண்டு கிடக்கா? அவளை அடைகாக்கச் சொல்லேன்."

"அவகிட்டேருந்து எடுத்து வாரக்கணக்காச்சு. இப்பக் கொண்டுபோய் வெச்சா, இது யார் வீட்டு முட்டைன்னு கேப்பா."

"வளர்த்தவ ஞாபகசக்திதானே பாம்புக்கும் வரும்!"

கூடமே சிரித்தது. லவோன் சிரிக்கவில்லை.

"இந்தத் தெருவுல யாரும் பாம்பு வளர்க்கக் கூடாதுன்னு மனு எழுதினதே நான். முதல் கையெழுத்தும் என்னோடதுதான். அடுத்த கூட்டத்துல ஓட்டு. என் வீட்டுக்கே வந்து கேக்கறியே, வெட்கமா இல்லை?"

"கார் மேல மரக்கிளை விழாம இருந்தா, அதுல ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். உன் வாசப்படிய மிதிச்சிருக்கவே மாட்டேன்..."

கதவு சாத்திக்கொண்டது.

ட்ரூடி வீட்டுக்கு வந்து, முட்டைப் பெட்டியை மடியில் வைத்து, இருக்கிற கம்பளியையெல்லாம் சுற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். பிஸ்கட் என்று அவள் பேர் வைத்திருந்த மலைப்பாம்புக்கு இது தலைப்பிரசவம். மற்றவர்கள் பேரன் பேத்தி படத்தைக் காட்டுகிற மாதிரி, முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்து எடுத்த படத்தைத் தபால்காரரிடம்கூடக் காட்டியவள் ட்ரூடி.

பெட்டிக்குள் தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச்சுல அன்பைப் பத்திப் பாடம் எடுக்கற வாய்! அது அழுகித்தான் போகணும்," என்று சபித்தாள்.

கொல்லைக் கதவு தட்டும் சத்தம். திறந்தால், அந்த வாய்தான் நின்றது. மேலே புருஷன் க்ளைடின் வேட்டைக் கோட்டு. கையில் துணிக்கூடை, அது நிறையத் துண்டு.

"கொடு," என்றாள் லவோன்.

"எதை?"

"உன் தலையை! பெட்டியைக் கொடு. முன்கூடத்துல அதுங்கல்லாம் சூப் குடிச்சிட்டிருக்குங்க. கொல்லை வழியா போயிடலாம்."

"கொண்டுபோய்க் குப்பையில கொட்டறதுக்கா?"

"நம்பிக்கை இல்லைன்னா நீயும் கூட வந்து தொலை."

லவோன் பெட்டியைக் கூடைக்குள் துண்டுகளுக்கு நடுவே புதைத்துத் தூக்கிக்கொண்டாள். கொல்லைப்பாதை கண்ணாடியாக வழுக்கியது. பாதி வழியில் லவோன் விழுந்தாள். இரண்டு முழங்காலும் ஐஸில் மோதிய சத்தம் ட்ரூடிக்குக் கேட்டது. கூடை மட்டும் லவோனின் இரண்டு கைகளிலும், தளும்பாத தண்ணீர்த் தட்டு மாதிரி, அப்படியே நின்றது.

"ஐயோ, அடி பட்டுடுச்சா?"

"என்னை விடு. பெட்டியைத் திற. பென்சில் குறியெல்லாம் மேல பார்த்து இருக்கா பாரு."

கோழி முட்டை மாதிரி இதைத் திருப்பக் கூடாது. திருப்பினால் உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு முட்டையின் மண்டையிலும் ஒரு குறி. எல்லாம் மேலேதான் இருந்தன. போன உயிர் திரும்பி வந்த அவசரத்தில் ட்ரூடிக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

லவோன் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற அறை. பூட்டு தொங்கியது. கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு கிடந்த சாவியை எடுத்துத் திறந்தாள்.

"க்ளைடு இந்தப் பக்கமே வர மாட்டார். சோப்புத்தூள் பட்டா உடம்பு தடிச்சிடும்னு நம்ப வெச்சிருக்கேன்."

மூலையில், பூப்போட்ட போர்வைக்கு அடியில், ஓர் ஒயின் ஃபிரிட்ஜ்.

ட்ரூடிக்குக் குளிரெல்லாம் பறந்துவிட்டது. சர்ச் பிக்னிக்கில் அடுத்தவர் இருமல் மருந்தைக்கூட, சாராய வாடை வருகிறதா என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறவள் இவள்!

"அடி கள்ளி! எவ்வளவு நாளா நடக்குது இந்தத் திருட்டுக் குடி?"

"உளறாம உள்ள வை. கதவை ரொம்பத் திறக்காதே."

ட்ரூடி திறந்தாள். முகத்தில் வெதுவெதுவென்று காற்று அடித்தது.

முன்கூடத்திலிருந்து அர்லீன் கூவினாள். "லவோன், எங்க போயிட்டே? அந்தப் பாம்பு மனுவை எடு, நான் இன்னும் கையெழுத்துப் போடலையே!"

"இதோ வந்துட்டேன், கண்ணு!" தேன் ஒழுகப் பதில் சொல்லிவிட்டு, லவோன் ட்ரூடியின் காதருகே குனிந்தாள்.

"கீழ்த்தட்டுல வை. மேல்தட்டுல என்னோடது இருக்கு."