கருப்பையா எடுத்த சீட்டு

கருப்பையா பிஸ்கட் டப்பாவை நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். பரிசுக் குலுக்கல் என்றால் கூட்டம் கை தட்டியிருக்கும். இது பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சீட்டு.

"மின் தூ" என்று வாசித்தார்.

"ஐயோ, எம்புள்ள!" ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்து அவர் காலடியில் விழுந்தாள். அடையாள அட்டையில் பர்மாப் பேர் வைத்தாலும் அழுகை தமிழில்தானே வரும்!

அன்றுதான் ஷ்வேப்யிதா நகரத்தின் இந்த வார்டுக்கு வந்திருந்த கிளார்க் ஜெரால்டு பேனாவை எடுத்தான். "தகப்பன் பேர் என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் வாயே திறக்கவில்லை. அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று விட்டுவிட்டான்.

கருப்பையா மளிகைக் கடைக்காரர். சாக்கடை, தெருவிளக்கு என்று அலைந்து, தேர்தல் நடந்த காலத்தில் வார்டிலே ஜெயித்தவர். இவர் எடுத்தால் தில்லுமுல்லு இருக்காது என்று சனங்களே அவரைச் சீட்டெடுக்க வைத்திருந்தார்கள்.

"ஊருல யாருயாருக்கோ அலைஞ்சீங்களே! இவனுக்காக ஒரு தடவ... அந்தச் சீட்ட உள்ள போட்டுருங்க" என்று அவள் கெஞ்சினாள்.

"எந்திரி. இத உள்ள போட்டா இன்னொருத்தி புள்ள வெளிய வருவான். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பெற்ற வயிறு பதறுகிறது, ஒரு 'வாங்க போங்க' கூடக் கிடையாதா? ஜெரால்டுக்குப் பொறுக்கவில்லை. "ஊ கருப்பையா, ஒங்களுக்குப் புள்ள இருந்தா இப்பிடிப் பேசுவீங்களா?" என்று பர்மிய மரியாதை 'ஊ' குறையாமல் கேட்டேவிட்டான்.

கூட்டம் சட்டென்று அடங்கி அவனையே முறைத்தது. இன்னும் ஆள் தேவைப்பட்டது. டப்பாவுக்குள் கையை விட்ட கருப்பையா அப்படியே நின்றுவிட்டார்.

பின்னாலிருந்து ஒரு வாலிபன் வந்தான். அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தி, "நான் போறேன்மா, அழாத" என்று தோளோடு அணைத்துக்கொண்டான். பிறகு கருப்பையாவின் பக்கம் திரும்பினான்.

"அடுத்த சீட்ட எடுங்க, அப்பா."