மாம்பழத்தில் பால்

மிக்ஸிக்குள் ஐஸ் கடகடவென்று உடைகிற சத்தம் சந்து முனை வரை கேட்டது. பிறகு கரகரப்பு அடங்கி ஒரே சீரான இரைச்சலாக மாறியது.

அப்பாவுக்காகக் கோழி சூப் வைத்து எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஜந்தீரா, பின்வாசல் வழியாக நுழைந்தாள்.

அண்ணி நேவுசா மிக்ஸி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் மாங்கொட்டை கிடந்தது. பக்கத்தில் மூலை வெட்டிய பால் பாக்கெட், பாதி காலி.

ஜந்தீரா கொட்டையைப் பார்த்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள். மிக்ஸியில் சுழல்கிற வெளிர் மஞ்சளைப் பார்த்தாள். கையிலிருந்த சூப்பை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"யாருக்கு அண்ணி இது?"

"மாமாவுக்கு" என்றாள் நேவுசா. பொய் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

மாம்பழம் தின்ற வயிற்றில் பால் விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டான். பிரேசிலில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். அந்தத் தெருவில் யாராவது திடீரென்று செத்துப்போனால், மாம்பழத்துக்கு மேல் பால் குடித்தானா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். ஜந்தீராவுக்கு நாற்பத்தாறு வயது. மாம்பழம் தின்ற நாளில் காப்பியில்கூட அவள் பால் விட்டதில்லை.

ஸ்விட்சை அணைத்து, ஜாடியைப் பிடுங்கி, அத்தனையையும் தொட்டியில் கவிழ்த்தாள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டாள்.

ஒன்பது நாளாக, தினம் இரண்டு வேளை என்றாள் நேவுசா.

சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இவோனெத்தி, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒரே நாள்ல கொன்னா மாட்டிப்பாளே. அதான் தவணையில கொல்றா."

அதுவரை அண்ணியிடம் 'நீங்க' என்று பேசிப் பழகிய ஜந்தீராவின் வாயில் 'நீ' வந்தது.

"வீடு அப்பா பேர்ல இருக்கு. அதுக்குத்தானே? எங்கண்ணன் லாரியில ஊர் ஊராச் சுத்துறான். கேட்க ஆளில்லைன்னு நினைச்சிட்ட."

மத்தியான பஸ்ஸிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அண்ணன் அடில்சன் வந்ததும், பெண்டாட்டி வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று அவனே முடிவு செய்யட்டும் என்றாள். இவோனெத்தி போலீஸையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

நேவுசா அழவில்லை. மேடையைத் துடைத்தபடியே சொன்னாள். காய்ச்சலுக்குப் பிறகு மூன்று வாரம் மாமாவுக்கு எதுவும் இறங்கவில்லை. கஞ்சியைத் துப்பினார். சூப்பைத் துப்பினார். எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டார். அப்புறம் ஒரு நாள் அவரே வாய்விட்டுக் கேட்டது இதைத்தான். மகளிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"முதல் டம்ளரை நான்தான் குடிச்சேன். குடிச்சிட்டு, இருக்கிறதுல நல்ல கவுனை மாட்டிக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் கட்டில்ல படுத்துக் கிடந்தேன். உயிர் போகல. மறுநாள்தான் மாமாவுக்குக் குடுத்தேன்."

"மிக்ஸி ஏன் நின்னு போச்சு?"

வாசற்படியில் அப்பா ஒலெகாரியோ நின்றிருந்தார். போன மாதம் இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்த மனுஷன், எண்பத்திரண்டு வயதில், சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். கன்னத்தில் கொஞ்சம் சதை வேறு.

"அப்பா, இதைக் குடிச்சா செத்துடுவோம்னு எங்க அஞ்சு பேருக்கும் சொன்னது நீங்கதானே?"

"நாலு பேருக்குத்தான் சொன்னேன். நீ அப்ப தொட்டில்ல கிடந்த."

நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். ஜந்தீரா பிறந்த பதினோராம் நாள் அவள் அம்மா இறந்துபோனாள். கரும்பு ஆலைக் கூலியில் நாளைக்கு ஒரு லிட்டர் பால்தான் வாங்க முடிந்தது. முற்றத்து மாமரம் அந்த வருஷம் காய்த்துத் தொங்கியது. மூத்த பிள்ளைகள் நான்கு பேரும், அடில்சனையும் சேர்த்து, பசித்தபோதெல்லாம் அந்தப் பழத்தைத்தான் தின்றார்கள்.

"மாம்பழம் தின்னவன் பாலைத் தொட்டா சாவான்னு ஊரே சொல்லிச்சு. எனக்கு வசதியாப் போச்சு. நானும் சொன்னேன்."

"அது பொய்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஆலை முதலாளி வீட்டுக்கு மூட்டை இறக்கப் போவேன். அங்க ரெண்டும் ஒரே மேசையில இருக்கும். யாரும் சாகல."

நேவுசாவுக்கும் இது புதிது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இவோனெத்திக்கு உலர்த்தாமல் விட்டுவந்த துணி ஞாபகம் வந்து, சத்தமில்லாமல் வெளியே போனாள்.

ஜந்தீரா அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அண்ணனைப் பற்றிக் கேட்க நினைத்தாள். மற்ற மூன்று பேரைப் பற்றியும் கேட்க நினைத்தாள். வந்தது வேறு கேள்வி.

"தெரிஞ்சும் நீங்க ஒரு நாள்கூடக் குடிக்கலையே, ஏன்ப்பா?"

"நாலு பேரும் என்னையேதான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நான் குடிச்சிட்டு உசிரோட இருந்திருந்தா, மறுநாள் உனக்குப் பால் இருந்திருக்காது."

ஜந்தீரா எழுந்தாள். தொட்டியில் கிடந்த ஜாடியைக் கழுவி அண்ணியிடம் கொடுத்தாள். கூடையிலிருந்து இன்னொரு மாம்பழத்தை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள்.