காற்றுப் புகாத வீடு

கெர்லிண்ட் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவர் மூலையில் மண்டியிட்டாள். அங்கே சாமி படம் எதுவும் இல்லை. வெளியே பலத்த காற்று. சுவரில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் புகை ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆடவில்லை.

மரமும் வைக்கோலும் வைத்து அவள் கட்டிய முதல் வீடு. பனிக்காலத்திலும் அடுப்பு அதிகம் எரிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஊர்மன்றத் தலைவர் ஓட்மாரை இந்த வீட்டுக்குச் சம்மதிக்க வைத்திருந்தாள். இன்று காற்றுச் சோதனையில் வீடு தேறினால் ஊர்ப் பாலர் பள்ளியையும் அவளே கட்டலாம். தவறினால் அது கான்கிரீட்காரனுக்கு.

"டப்பாவுக்குள்ள அடைச்சு வச்சா மனுஷன் எப்படிம்மா மூச்சு விடுவான்?" என்று ஓட்மார் மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார். பனி கொட்டும்போதும் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற ஆள்.

"நல்ல காத்து வர்றதுக்குத் தனிக் குழாய் இருக்கு. நீங்க எதையும் தொடாம இருந்தாப் போதும்."

சோதனைக்காரர் டெட்லெஃப் வாசல்நிலையில், வீட்டுக் காற்றை வெளியே இழுத்துக் கசிவை அளக்கும் பெரிய விசிறியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.  கெர்லிண்ட் மாடிக் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

விசிறி உறுமியது. கண்ணை இடுக்கிக்கொண்டு அதன் அளவுத் திரையைப் பார்த்தாள். "எவ்வளவுன்னு நீங்களே படிங்க."

"கசிவு புள்ளி ஆறுக்குள்ள இருக்கணும். இது முழுசா நாலையே தாண்டுது. இது சுவர் ஓட்டை இல்ல மேடம், எங்கயோ ஜன்னல் திறந்திருக்கு."

"எல்லாத்தையும் காலைல நான்தான் சாத்தினேன்." அவள் ஓட்மார் பக்கம் திரும்பினாள். "இது உங்க வேலைதான். நம்ம ஊர்க்காரங்களுக்கு ஜன்னலைப் பாத்தா கை சும்மா இருக்காது. நானும் இங்கயே பொறந்தவதான், எனக்குத் தெரியாதா?"

"நான் தொடவே இல்லம்மா."

"பள்ளிக்கூடத்தை அந்தக் கான்கிரீட்காரனுக்குத் தரணும்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்படித் திருட்டுத்தனம் எதுக்கு?"

ஓட்மாரின் முகம் சிவந்தது. டெட்லெஃப் விசிறியை நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

அவள் விடுவதாக இல்லை. ஓட்மாரை அறை அறையாக இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் சாத்தியிருந்தது. மாடிக் குளியலறையில் மட்டும் ஜன்னல் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து திறந்து கிடந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள். அழுகையே வந்துவிட்டது.

ஓட்மார் ஜன்னலைச் சாத்தினார். அதன் கீழ்த்திட்டிலிருந்து எதையோ எடுத்து, சட்டையில் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"இந்தாங்கம்மா, உங்க கண்ணாடி."