ஓடுகிற அம்பு

“உங்க கடையில பசு மாதிரி நிக்குது சார். வீட்டுக்குக் கொண்டாந்தா காளை மாதிரி துள்ளுது!”

மூன்று நாளில் இரண்டு முறை அந்த லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கி வந்தவள் அவள். இரண்டு முறையும் ரிப்பேர்க்காரர் டச்பேடைத் தடவிப் பார்த்தார். திரையில் அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை போனில் அவள் இப்படிச் சொன்னதும் அவருக்கே உறுத்தியது. பையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

“என்னம்மா அவசரம்?”

“அஞ்சு மணிக்குள்ள இந்த ஃபாரத்தை அனுப்பணும். இல்லன்னா பராமரிப்பு இல்லத்துல அண்ணனுக்குச் சொல்லி வெச்ச இடம் வேற யாருக்காவது போயிடும்.”

திறந்திருந்த கதவு வழியே அடுத்த அறைக் கட்டில் தெரிந்தது. அவளுடைய அண்ணன் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார். தலையில் ரத்தக்கசிவு. ஏழு மாதமாகப் பேச்சில்லை, அசைவில்லை.

“பயிற்சி கொடுத்துத் தேத்தற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. ஒரு விரலாவது தானா அசைஞ்சாதான் சேத்துப்போம்னுட்டாங்க. எனக்கு லீவும் தீந்துபோச்சு. மனசைக் கல்லாக்கிக்கிட்டு உக்காந்தா, இது அனுப்ப விடமாட்டேங்குது.”

மணி நாலே கால்.

“பதறாதீங்க. முதல்ல கை, அப்புறம் கரண்ட், கடைசியிலதான் கம்ப்யூட்டர். கையை நல்லாக் கழுவித் துடைச்சிட்டு வாங்க.”

அவள் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் டச்பேடை மெல்லிய துணியால் துடைத்தார். சார்ஜரைப் பிடுங்கினார். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

“எப்ப இருந்து இப்படி?”

“திங்கட்கிழமை சாயங்காலத்துல இருந்து.”

“அன்னிக்கு யாராவது தொட்டாங்களா?”

“பிசியோதெரபி பொண்ணு மட்டும்தான் வந்தா. அவ இந்தப் பக்கமே வரல சார், பாவம். அண்ணனைப் பாத்துட்டு, விரல் மடங்கிப்போகுது, கைக்கு அடியில குமிழா ஏதாவது வைங்கன்னுட்டுக் கிளம்பிட்டா.”

“சரி. நீங்க எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க. நான் பாக்கறேன்.”

அவள் ஃபாரத்தைத் திறந்து உரக்கப் படித்தாள். “வயது நாப்பத்தாறு. தொழில், அச்சகத்தில் பக்க வடிவமைப்பு.”

“ஏம்மா, பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்? எனக்குக் காது நல்லா கேக்கும்.”

“உங்களுக்கில்ல சார், அண்ணனுக்கு. அவருக்குக் காது கேக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவருக்குச் சொல்லாம எதையும் அனுப்பமாட்டேன். இது அவரோட லேப்டாப்தான். நான் தொட்டாலே, கமா தள்ளிப் போட்டிருக்கே, கண்ணு எங்க இருக்குன்னு கத்துவார்.”

மறுபடி குரலை உயர்த்தினாள். “கை அசைவு: இல்லை.”

அம்புக்குறி துள்ளி மேலே போனது.

“பாத்தீங்களா!”

ரிப்பேர்க்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். செட்டிங்ஸுக்குள் போய் டச்பேடையே அணைத்தார்.

“டச்பேடோட மூச்சை நிறுத்திட்டேன். இப்ப எப்படித் துள்ளும்னு பாத்துடறேன். மேல படிங்க.”

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரியைப் படித்தாள்.

“விண்ணப்பத்தை அனுப்பச் சம்மதமா?”

அம்புக்குறி நடுங்கியது. நின்றது. பிறகு திரையின் ஓரத்துக்கு ஓடிவிட்டது.

“சார், இதுக்குப் பேய் பிடிச்சிருக்கா?”

“பேய்க்கு ஃபாரத்துல என்னம்மா வேலை? டச்பேட் செத்துக் கிடக்கு, அம்பு ஓடுது. அப்ப ஓட்டறது வேற ஏதோ.”

அவர் குனிந்து லேப்டாப்பின் பக்கவாட்டில் கண்ணை ஓட்டினார். நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு அங்கே செருகியிருந்தது.

“இது எதுக்கு?”

“அண்ணனோட வயர் இல்லாத மவுஸுக்கு. அது வருஷக்கணக்கா அங்கேயேதான் இருக்கு.”

“அட, போங்கம்மா!” அவர் சிரித்தேவிட்டார். “ரெண்டு தடவை என்னை முட்டாளாக்கினது இதானா? கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு, மவுஸ் சிக்னல் அங்க எட்டல. வீட்டுக்கு வந்ததும் பிடிச்சுக்குது. இங்க யாரோ அந்த மவுஸை வெச்சுக்கிட்டு ஆட்டறாங்க. குழந்தை, பூனை ஏதாவது?”

“இந்த வீட்ல நானும் அண்ணனும்தான் சார்.”

“அப்ப மவுஸை எங்க வெச்சிருக்கீங்க?”

அவள் திறந்திருந்த கதவுப் பக்கம் திரும்பினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் அடுத்த அறைக்கு ஓடினாள்.

ரிப்பேர்க்காரர் எழுந்து வாசற்படி வரை போனார். அவள் போர்வையை விலக்கியிருந்தாள். குமிழாக வைக்கச் சொன்னாளே என்று திங்கட்கிழமை அவளே எடுத்து வைத்த மவுஸின் மேல் அண்ணனின் வலது கை கவிழ்ந்திருந்தது. அதன் சுட்டுவிரல் மெல்ல உயர்ந்து இறங்க, மவுஸ் நூலளவு நகர்ந்தது.

அவள் திரும்பாமலே சொன்னாள். “சார், கை அசைவுக்கு எதிர்ல ‘இல்லை’ன்னு போட்டிருக்கேன்ல, அதை முதல்ல அழிச்சிடுங்க.”