தினம் ஒரு மாத்திரை

"'முட்டி தேஞ்சவளை ஒத்த மாத்திரைக்காக ரெண்டு தெரு நடக்க விடறா உன் தம்பி பொண்டாட்டி.' எங்கம்மா போன்ல சொன்ன வார்த்தை இது. ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லலை!"

நாத்தனார் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதல் ரயிலைப் பிடித்து வந்தவள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா. முதல்ல காபி..."

"காபி கிடக்கட்டும். மூட்டு மாத்திரையைப் பாட்டிலா வாங்கி வீட்டுல வெச்சா என்ன? தினம் மருந்துக்கடைக்குப் போய் ஒண்ணு ஒண்ணா வாங்கி முழுங்கணுமாமே! எந்த ஊர் நியாயம் இது?"

மருமகள் பாட்டிலாகத்தான் வாங்கியிருந்தாள். அதைக் கடைக்காரரிடம் கொடுத்தும் வைத்திருந்தாள். அதைச் சொன்னால், 'ஏன்?' என்று அடுத்த கேள்வி வரும்.

"அது குளுக்கோசமின்கா. வீட்டுச் சூட்டுல கெட்டுப்போயிடும். கடையில ஏசி இருக்கு, அதான்..."

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் தக்காளிக்கு மட்டும்தானா?"

மாமியாரிடம் எடுபட்ட பொய், மகளிடம் எடுபடவில்லை. மருமகள் உதவிக்குப் புருஷனைத் தேடினாள். பல் தேய்க்கப் போன மனிதர் அக்காவின் குரல் கேட்டதிலிருந்து தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"விடும்மா, என் தலையெழுத்து" என்றாள் மாமியார், சோபாவில் உட்கார்ந்து முட்டியைத் தடவியபடி. "போன வாரம் மழையிலகூடப் போனேன்."

மருமகளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த மழையில், குடையும் கையுமாகப் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போனது யாராம்?

எல்லாம் எலும்பு டாக்டர் ஆரம்பித்து வைத்தது. அன்றைக்கு மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, இவளை மட்டும் நிறுத்திச் சொன்னார். "இந்த மாத்திரை சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காதும்மா. முட்டியைத் தாங்கற தசைக்கு வலு வரணும். அதுக்கு இவங்க நடந்தே ஆகணும்."

மாமியாரோ, 'நட' என்றால் சோபாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ரகம். மாத்திரை என்றால் மட்டும் உயிர். அதனால்தான் மருந்துக்கடைக்காரரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இந்தச் சதி.

சதி பலித்தது. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு போனவள், இப்போது கடைக்காரரோடு அரட்டை அடித்துவிட்டுப் பூங்காவையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறாள். மாடிக்குப் போய்த் துணிகூடக் காயப்போடுகிறாள்.

இந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் மாமியார் செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் மருமகள் கொடுமைக்காரி.

கொடுமைக்காரியாகவே இருந்துவிட்டுப் போவோம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

நாத்தனார் பையைத் திறந்தாள். பெயிண்ட் டப்பா அளவுக்கு ஒரு பாட்டில் வெளியே வந்தது.

"இந்தாம்மா, அதே மாத்திரை. வருஷம் பூரா வரும். இனிமே நீ வாசற்படியைத் தாண்டவே வேண்டாம்."

மருமகளின் இத்தனை மாதப் பாடும் ஒரு டப்பாவில் போச்சு!

அன்றைக்கு முழுக்க அம்மாவும் மகளும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினார்கள், சிரித்தார்கள், மறுபடி பேசினார்கள். அலமாரிப் புடவைகளை எல்லாம் கீழே இறக்கி, எது யார் வாங்கித் தந்தது என்று சண்டை போட்டார்கள். மாமியார் அவ்வளவு சத்தமாகச் சிரித்து மருமகள் கேட்டதே இல்லை.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது நாத்தனார் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமேலாவது எங்கம்மாவை ஒழுங்கா வெச்சுக்கோ."

"சரிக்கா."

ஆட்டோ தெருமுனை திரும்பியது. கையசைத்துக்கொண்டிருந்த மாமியார் விறுவிறுவென்று உள்ளே போனாள். பாட்டிலோடு திரும்பி வந்து, அதை மருமகளின் கையில் வைத்தாள்.

"இதையும் அந்தக் கடைக்காரர்கிட்டயே குடுத்து வெச்சுடு. வீட்டுல இருந்தா எனக்குச் சோம்பேறித்தனம் வந்துடும்."

மருமகள் விழித்தாள். "அத்தை... உங்களுக்கு எப்படி..."

"டாக்டர் உன்கிட்ட குசுகுசுன்னு சொன்னப்போ நான் கதவுக்கு அந்தப் பக்கம்தானே நின்னேன்? எனக்குத் தேஞ்சது முட்டிடி, காது இல்லை."

"அப்போ தெரிஞ்சுக்கிட்டேவா அக்காகிட்ட என்னைப் பத்தி அப்படிச் சொன்னீங்க?"

மாமியார் ஆட்டோ போன திசையையே பார்த்தாள்.

"'நல்லா இருக்கேன், உன் தம்பி பொண்டாட்டி என்னை உள்ளங்கையில வெச்சுத் தாங்கறா'ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 'சந்தோஷம்மா'ன்னு போனை வெச்சுடுவா. வரவே மாட்டா. உன்மேல ஒரே ஒரு குறை சொன்னேன். முதல் ரயில்ல வந்து நின்னா பாரு!"

மருமகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைக்கத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. சிரித்துவிட்டாள்.

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கேட்டைத் திறந்தவள், ஏதோ ஞாபகம் வந்தாற்போலத் திரும்பிக் கெஞ்சலாகக் கேட்டாள்:

"அடுத்த மாசமும் அவ வரணும்டி. மாத்திரைக் கதை இனிமே செல்லாது. உன்மேல வேற என்ன குறை சொல்றதுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நீயே ஒண்ணு சொல்லேன்!"