பைலட்டுக்கு ஒரு ஸ்வெட்டர்

இலக்குக்கு நேர் மேலே வந்ததும் கீழிருந்து குபுகுபுவென்று வெண்புகை கிளம்பியது. சுயம்புவுக்கு எதுவும் தெரியவில்லை. வலப்பக்கம் ஒடித்துப் பார்த்தான், மேலே தூக்கிப் பார்த்தான். பறந்துகொண்டிருந்தது தலைகுப்புற விழுந்தது.

விழுந்த இடம், ராயபுரத்தில் ஜஸீமா கல்யாணத்துப் பிரியாணி தேக்சா. மூடியைத் திறந்து தம் உடைக்கும் காட்சியை வானத்திலிருந்து வீடியோ எடுத்தால் அள்ளும் என்று ட்ரோனைத் தாழ இறக்கியவன் சாட்சாத் சுயம்புவேதான். ஆவி வந்து கேமராவை மூடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் சுயம்புவே இல்லை.

"மட்டன் பிரியாணின்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னோம். இதுல நாலு றெக்க கீதே, நைனா," என்றார் பெண்ணின் அப்பா அலி அக்பர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மனுஷன் கரண்டியால் ட்ரோனை அள்ளி, தட்டில் வைத்து, விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் அவனிடம் நீட்டினார்.

அதோடு சரி. வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த முகூர்த்தத்துக்கும் அவனைக் கூப்பிட ஆளில்லை. 'பிரியாணி பைலட்' என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது. முப்பத்தைந்து வயதாகியும் தன் கல்யாணம் நடக்காமல், ஊரார் கல்யாணத்தை மேலேயிருந்து பார்த்துப் பிழைத்தவனுக்கு, இப்போது அதுவும் போயிற்று.

அவனைக் கூப்பிட்டவன் தீனா ஒருத்தன்தான்.

முன்பு இருவரும் ஒன்றாகத்தான் கல்யாணங்களுக்கு ட்ரோன் விட்டார்கள். வயல்வெளியைப் படமெடுக்கும் வேலை என்று சொல்லி ஓர் ஏஜென்ட் தீனாவை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டான். போய் இறங்கினால், அங்கே யுத்தம். இப்போது பனிக்காட்டின் ஏதோ ஒரு மூலையில், யாரோ ஒருவருடைய ராணுவத்துக்காக, குண்டு கட்டிய ட்ரோனைப் பறக்கவிடுகிறான்.

"பயப்படாத மாமு. சண்ட எங்கியோ நடக்குது. நான் சோபால குந்திகினு ரிமோட்ட திருப்பறேன், அவ்ளோதான். உன் பேர சொல்லி வெச்சிட்டேன், சீக்கிரம் கிளம்பி வா," என்பான் ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும். "வர்றப்போ பேட்டரி, செல்லோடேப்பு, டோலோ மாத்திர எடுத்துகினு வா."

"ஏன்டா, ராணுவத்துல செல்லோடேப்பு கூடவா இல்ல?"

"கீது மாமு. நம்மூர்து மேரி ஒட்டாது."

விசா வந்தது. விடிந்தால் விமானம். சொல்லிக்கொண்டு போகலாம் என்று எண்ணூரில் இருக்கும் தீனாவின் வீட்டுக்குப் போனான் சுயம்பு.

தீனாவின் மனைவி செங்கொடிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. புருஷனுக்கு ட்ரோன் பைத்தியம் பிடிக்க வைத்தவன் என்று, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. இன்றைக்கு வஞ்சிரம் வறுத்திருந்தாள். கேட்காமலே இரண்டாவது துண்டும் தட்டில் விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு ஸ்வெட்டரை எடுத்து வந்தாள். இந்த வெயிலில் எண்ணூரில் ஸ்வெட்டர் விற்பவனைத் தேடிப் பிடிக்கவே தனி சாமர்த்தியம் வேண்டும்.

"தீனாவுக்காம்மா? குட்த்துடறேன்."

"உங்களுக்குத்தாண்ணா. அங்க குளிரு தாங்காதாம்." அளவு கச்சிதமாக இருந்தது. அவள்தான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது தீனா வீடியோ காலில் வந்தான். செங்கொடி செல்லைச் சுயம்புவிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பழுது பார்த்துப் பையில் கொண்டுவந்திருந்த ட்ரோனைத் தோஸ்துக்குக் காட்டலாமே என்று சுயம்பு அதைக் கையில் பிடித்தபடி ஆன் செய்தான். இறக்கைகள் 'விர்ர்' என்று சுற்றின.

திரையில் தீனாவைக் காணோம்.

அவன் இருந்த இடத்துக்குப் பின்னால் ஈர மண்சுவர் தெரிந்தது. அதிலிருந்து மரவேர் நீட்டிக்கொண்டிருந்தது. சோபா எதுவும் கண்ணில் படவில்லை. சுயம்பு ட்ரோனை அணைத்தான். வெகு நேரம் கழித்து, முகமெல்லாம் சேறாக, தீனா மெல்லத் தலையைத் தூக்கினான்.

"பேனா வுழுந்துச்சு மாமு. எடுத்தேன்." சிரித்தான்.

சுயம்பு செல்லை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"தீனா, மறைக்காம சொல்றா. அங்க வந்தா உசுரோட திரும்பி வருவனா?"

"இங்க பிரியாணியே கிடையாது மாமு. நீ எதுல போய் வுழுவ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்றா."

தீனா வாயைத் திறந்தான். எங்கோ ஒரு சத்தம். திரை இருண்டது.

சுயம்பு செல்லைக் கொண்டுபோய் அடுப்படி மேடையில் வைத்தான். செங்கொடி முதுகைக் காட்டிக்கொண்டு, தேய்த்த தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குழிக்குள்ள குந்திகினு கீறான் உன் புருஷன். அவனே பேஜாரு பட்டுகினு கீறப்போ, என்னிய எதுக்குமா வா வான்னு கூப்பிடறான்? தோஸ்துன்னா வராதன்னுதானே சொல்லணும்? கேட்டா காமெடி பண்றான். நீயாவது சொல்லு தங்கச்சி."

குழாயை மூடினாள் செங்கொடி. அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவரு எடத்துக்கு இன்னொரு பைலட்டு வந்து நின்னாத்தான், அவர வூட்டுக்கு வுடுவாங்களாம்ணா."